புல்லுக்குத் தலை சீவுகிறவர்

என் மாமாவின் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. ஆனால் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சீப்பு இருக்கும். பல் அகலமான கறுப்புச் சீப்பு. புதிதாகச் சந்திக்கிறவர்கள் முதலில் சீப்பைப் பார்ப்பார்கள், பிறகு தலையைப் பார்ப்பார்கள், பிறகு மரியாதைக்காக வேறு எங்காவது பார்ப்பார்கள். எனக்கு அந்த மரியாதையெல்லாம் வராது. என் அக்காவைக் கட்டிக்கொண்டு அவர் எனக்கு மாமாவான முதல் வாரமே கேட்டுவிட்டேன்.

"அந்தச் சீப்பு எதுக்கு மாமா? ஞாபகார்த்தமா?"

"ஊருக்கெல்லாம் சீவி விட்டேன். என் முடி கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு" என்றார், சிரிக்காமல். அன்றைக்கே இவர் நம்ம ஆள் என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது அந்தச் சீப்பால் அவர் சீவுவது புல்லை. நிஜப் புல் இல்லை, பிளாஸ்டிக் புல். முற்றத்திலும் மொட்டை மாடியிலும் பச்சைப் பசேலென்று விரித்து வைத்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் தோட்டம் வைத்திருப்பதாகச் சிலர் சொல்லிக்கொள்கிறார்களே, அந்தப் புல். அதை விரித்துக் கொடுக்க நகரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாய் தோண்டினால், சிகரெட் சுட்டால், நாற்காலிக் கால் கிழித்தால், ஓரம் பிரிந்து விருந்தாளி தடுக்கி விழுந்தால், அதற்கு ஒட்டுப் போட ஆள் வேண்டுமே. அந்த ஆள்தான் மாமா. புல் டாக்டர் என்று அவருக்குப் பெயர் வைத்தவள் நான். அந்தப் பெயரைக் கேட்டாலே பல்லைக் கடிப்பவள் அக்கா.

பத்தொன்பது வருடம் அவர் சலூனில் முடி வெட்டினார். மூன்று நாற்காலி போட்ட கடை, நடு நாற்காலி அவருடையது. அங்கே நடந்த ஒரு கதையை மட்டும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஒருநாள் மின்விசிறிக் காற்றுக்குச் சீட்டு ஒன்று பறக்க, அதைப் பிடிக்கப் போய், மெஷின் ஒரு வாடிக்கையாளரின் காதுக்கு மேலே பெரிதாக ஒரு வழி போட்டுவிட்டது. கண்ணாடியில் அந்த ஆளின் முகம் மாறுவதற்குள் மாமா நாற்காலியைச் சுற்றி அந்தப் பக்கம் போய், அங்கேயும் அதே மாதிரி ஒரு வழி போட்டுவிட்டார். "இப்ப இதான் சார் ஸ்டைலு" என்றாராம். அடுத்த வாரம் அந்த ஆள் இரண்டு நண்பர்களோடு வந்து, மூவருக்கும் அதையே போடச் சொன்னாராம்.

"பொய்" என்பேன்.

"ரெண்டு பேர்ங்கறது பொய். ஒருத்தர்தான் வந்தார்" என்பார்.

அந்த வேலை போனதற்குக் காரணம் அவருடைய கை. தலைக்குப் பூசும் சாயம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்து, சாப்பிடும்போது உறைப்புப் பட்டால் கண்ணை மூடிக்கொள்வார். கையுறை போடச் சொன்னார் தோல் டாக்டர். போட்டுப் பார்த்தார். கத்திரி பேசமாட்டேன் என்கிறது என்று கழற்றிவிட்டார். அப்படியென்றால் வேலையை மாற்றுங்கள் என்றார் டாக்டர். மாற்று வேலைக்குச் சீட்டு எழுதித் தரவில்லை.

அந்த மாற்று வேலை தானாகவே நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. பிளாஸ்டிக் புல் விரிக்கும் கம்பெனிக்காரர் ஒருவர், தலையைக் குனிந்தபடியே புலம்பியிருக்கிறார்: "போடறதுக்கு ஆள் கிடைக்குது. ஒட்டுப் போடுன்னா ஒருத்தனும் வரமாட்டேங்கறான். எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கக்கூடத் தெரியலை." மாமா அவர் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாராம், "ஏன் சார், புல்லுக்கும் சுழி உண்டா?"

சுழி கிடையாது, ஆனால் சாய்வு உண்டு. பிளாஸ்டிக் இழைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். அவை நம்மைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் கரும்பச்சையாக, அடர்த்தியாகத் தெரியும். நம்மைவிட்டு விலகிச் சாய்ந்திருந்தால் வெளிறிப் பளபளக்கும். ஆகவே ஒட்டுத் துண்டை வெட்டினால் அதன் முதுகில் சாக்பீஸால் ஓர் அம்பு போட்டுக்கொள்ள வேண்டும். சுற்றியிருக்கும் புல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் அம்பு பார்க்க வேண்டும். மாமா அம்பு போடுவார், ஆனால் நம்புவது கையைத்தான். முடி வெட்டி முடித்ததும் தலையை முன்னும் பின்னும் ஒரு தடவு தடவிப் பார்ப்பார்களே, அதேபோல் புல்லைத் தடவிவிட்டுத்தான் பசை வைப்பார். பசைக்குக் கையுறை போட்டுக்கொள்ளலாம். அது பேச வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு ரகசியமும் உண்டு. கிழிந்த இடத்தில் புதுப் புல் வைக்க மாட்டார். வெயிலில் வெளுத்த பழைய புல்லின் நடுவே புதுத் துண்டு வைத்தால், கிழிசல் சட்டைக்குப் பட்டுத் துணி தைத்த மாதிரி பல்லிளிக்கும். அதே மாடியில் பூந்தொட்டிக்கு அடியிலோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ யாரும் பார்க்காத மூலை ஒன்று இருக்கும். அங்கிருந்து அதே வயதுப் புல்லை வெட்டி நடுவில் வைப்பார். அந்த மூலைக்குப் புதுசு.

மிச்சத் துண்டுகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். வாசல் மிதியடி புல். குளியலறைப் படி புல். மிக்சிக்கு அடியில் புல். வாழையிலை நிறம், பாசி நிறம், பச்சைக் கிளி நிறம் என்று பால்கனி முழுக்கச் சுருள் சுருளாகப் புல்.

"மாடு ஒண்ணுதான் குறைச்சல்" என்பாள் அக்கா. அவள் ஒரு தையல் பட்டறையில் நாளெல்லாம் சட்டைக் காலர் தைக்கிறவள். வீட்டுக்கு வந்து உட்காரும் நாற்காலியிலும் புல் இருந்தால் கோபம் வராதா?

ஒரு மத்தியானம் மாமா அசந்து தூங்கும்போது, வட்டமாக ஒரு துண்டு வெட்டி அவர் தலையில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிட்டேன். அவர் அப்படியே எழுந்து பால் வாங்கப் போய்விட்டார். திரும்பி வந்து, "கடைக்காரர் இன்னைக்கு ரொம்ப மரியாதையாப் பேசினாரு" என்றார். அக்கா அன்றைக்குத்தான் மூன்று மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்று மாதமாக அவள் ஏன் சிரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் புல் வேலை வரும். ஐந்து நாள் போன் வருமா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கிடையில் சலூன் முதலாளி நடு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார். "வா, சாயம் வேணா வேற ஆள் பூசட்டும்" என்றார். மூன்று நாற்காலிக் கடையில் அது நடக்கிற காரியமா? இரண்டு நாள் வேறு ஆள் பூசுவான், மூன்றாம் நாள் கூட்டம் வந்தால் மாமா கிண்ணத்தை எடுப்பார். அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒருநாள் சொல்லிவிட்டாள்:

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. நிலையா ஒரு இடம் அமையலைன்னா சலூனுக்கே போயிடுங்க. கைக்கு மருந்து போட்டுக்கலாம். நான் ஒருத்தியே எத்தனை காலர் தைப்பேன்?"

மாமா "சரி" என்றார். ஒரே ஒரு சரி. அன்றிரவு சாப்பிடும்போது அவர் கையைப் பார்த்தேன். வெடிப்பெல்லாம் மூடி, புதுத் தோல் வந்து, குழந்தைக் கை மாதிரி இருந்தது. பசியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சலூன் முதலாளி இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் மாமாவின் போன் என் கையில் இருந்தது. "ராங் நம்பருங்க" என்று மூக்கால் பேசி வைத்துவிட்டேன். என் சேட்டைகளிலேயே நான் யாரிடமும் பீற்றிக்கொள்ளாதது இது ஒன்றுதான்.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது மழலைப் பள்ளி மேடம் கூப்பிட்டார். நகரத்தில் அவருக்கு மூன்று பள்ளிகள். மூன்றிலும் மாடியில்தான் விளையாட்டுத் திடல், சுற்றிலும் வலை, கீழே புல். ஒரு மாடியில் தண்ணீர்க் குழாய்க்கு வெல்டிங் வைத்தவர்கள் பழுக்கச் சுட்ட குழாயைத் திடலின் நட்டநடுவில் வைத்துவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் புல் உருகி, கறுப்பாகக் கட்டி தட்டிப் போயிருந்தது. பிள்ளைகள் அதைப் பேய்க் குழி என்று சொல்லி அந்தப் பக்கமே போவதில்லையாம்.

மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மாமாவைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை காலைல பசங்க வருவாங்க. ஒட்டு போட்ட இடம் என் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரியலைன்னா மூணு பள்ளிக்கூடத்துப் பராமரிப்பும் வருஷம் முழுக்க உங்களுக்குத்தான். தெரிஞ்சா, எல்லா மாடிக்கும் ரப்பர் பாய் போட்டுட்டுப் போறேன்."

"தெரியாதும்மா" என்றார் மாமா.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவளுக்குச் சனி என்ன, ஞாயிறு என்ன. மாமா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முழத்துக்கு முழம் அளந்து, சதுரமாக ஒரு துண்டு எடுத்தார். நல்ல புல் அங்கே அவ்வளவுதான் இருந்தது, மிச்சமெல்லாம் பாசி. முதுகில் அம்பு போட்டார். நடுவில் கருகியதை அதே அளவு சதுரமாக, தையல் வரிசையோடு பிசகாமல் வெட்டி எடுத்தார். புல்லுக்குள் தூவியிருந்த மணலைக் கூட்டி அள்ளினார். குழியில் ஒட்டு நாடா விரித்து, கையுறை மாட்டி, பசையைத் தடவினார். துண்டைக் கையில் எடுத்தார்.

அப்போது போன் அடித்தது. அன்றைக்குப் போன் அவருடைய பையில் இருந்தது.

துண்டைக் கீழே வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி எடுத்துப் பேசினார். "சொல்லுங்கண்ணே... நடு நாற்காலிக்கு ஒரு தம்பி வந்து கேக்கறானா?... திங்கக்கிழமை சொல்லிடறேன்ண்ணே." வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா நின்றார். பசை காயத் தொடங்கியிருந்தது. மறுபடி கையுறை, மறுபடி துண்டு. அப்படியே வைத்து அழுத்தினார். தடவிப் பார்க்கவில்லை. ஓரம் ஓரமாகச் சீவிவிட்டு எழுந்தபோது உச்சி வெயில். நான் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். எங்கே ஒட்டினார் என்று எனக்கே தெரியவில்லை.

"மாமா, நீங்க மனுஷனே இல்லை" என்றேன். அவரும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசியாக ஒரு சீவு சீவலாம் என்று போனோம். மாடிக் கதவைத் திறந்ததும் மாமா நின்றுவிட்டார். சாய்ந்த வெயிலில், கரும்பச்சைத் திடலின் நடுவே, கடிதத்தில் ஒட்டிய ஸ்டாம்ப் மாதிரி வெளிறிய ஒரு சதுரம். சாய்வு எதிர்ப்பக்கம் பார்க்க, தலைகீழாக ஒட்டியிருந்தார். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும். காலை வெயிலில் சாயம் வெளுத்துவிடும். சலூனில் பல்லாயிரம் தலையைத் தடவிய மனிதர், ஒரே ஒரு தடவலை விட்டுவிட்டார்.

ஓரத்தில் கத்தியை விட்டு நெம்பிப் பார்த்தார். பசை கல்லாகியிருந்தது. முதுகுத் துணி கிழியத் தொடங்கியதும் விட்டுவிட்டார். பிய்த்தால் துண்டு போய்விடும். மாற்ற அதே வயதுப் புல் இனி இல்லை.

பள்ளி வாட்ச்மேன் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ஜன்னல் வெச்சிருக்கீங்க?"

"அந்தச் சறுக்கு மரத்தை இழுத்து இது மேல போட்டுடலாம் மாமா" என்றேன். நிஜமாகவே உதவத்தான் சொன்னேன்.

"பசங்க நாளைக்கே தள்ளிடுவாங்க. தள்ளலைன்னாலும் எனக்குத் தெரியுமே."

அவர் சதுரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சீப்பை எடுத்தார், மறுபடி பையில் வைத்தார். அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தால் வாய் கோணலாகப் பேசும். அது என் சுபாவம்.

"என்ன மாமா இப்படி உக்காந்துட்டீங்க? அந்தப் பக்கமும் ஒண்ணு போட்டு, இதான் மேடம் இப்ப ஸ்டைலுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. தலையைச் சாய்த்துத் திடலைப் பார்த்தார். எழுந்து நடந்தார். இந்தக் கோடியிலிருந்து பார்த்தார், அந்தக் கோடியிலிருந்து பார்த்தார்.

"வாலு, நொண்டி ஆட்டத்துக்கு எத்தனை கட்டம்?"

"எட்டு. ஏன்?"

"ஒண்ணு இருக்கு. ஏழு போதும்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. வேறு புல்லே தேவையில்லை. இருக்கிற புல்லிலேயே சரியான சதுரமாக வெட்டி, எடுத்து, அப்படியே அரைச்சுற்று திருப்பி அதே குழியில் ஒட்டினால் போதும். சதுரம் எப்படித் திருப்பினாலும் பொருந்தும். சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம் மாறிவிடும்.

ஆனால் மாமா கத்தியை எடுக்கவில்லை. போனை எடுத்தார். மேடத்தைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, "அம்மா, நேத்து ஒட்டினது தலைகீழா விழுந்துடுச்சும்மா. என் தப்புதான். நல்லாவே தெரியுது" என்றார். வாட்ச்மேன் டீயைக் குடிக்க மறந்து நின்றார்.

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"இன்னும் ஏழு இடத்துல வெட்டி, அதையும் தலைகீழா வெக்கலாம்னு. பசங்க ஆடறதுக்கு நொண்டிக் கட்டம் மாதிரி வரும்."

போனுக்கு அந்தப் பக்கம் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்கிற புல்லை வெட்டறேங்கறீங்க."

"ஆமாம்மா."

"வெட்டுங்க. எனக்குப் பிடிக்கலைன்னா அந்த மாடி முழுக்க நீங்கதான் புதுசா போட்டுத் தரணும். சம்மதமா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். அந்த மாடி முழுக்க என்றால் அவ்வளவு பணத்துக்கு நாங்கள் எங்கே போவது?

"சம்மதம்மா" என்றார்.

மாலை நாலு மணிக்குள் ஏழு கட்டமும் வெட்டித் திருப்பி ஒட்டினோம். ஒவ்வொன்றையும் பசைக்கு முன்னால் கையுறை இல்லாத கையால் தடவினார். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. "சரியா தப்பா இருக்கா மாமா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். "ரொம்பச் சரியா தப்பா இருக்கு" என்பார். அழுத்தி வைக்கப் பாரம் இல்லை. வாட்ச்மேன் கீழேயிருந்து ஏழு தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தார், முதுகு வலி என்று மூன்று மாதமாகப் பள்ளியில் ஒரு நாற்காலிகூட நகர்த்தாதவர். "மேடத்துகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

திங்கட்கிழமை அக்காவும் வந்தாள். பட்டறைக்கு ஒரு மணி நேரம் லேட் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஏன் என்று கேட்டால், "சும்மா, அந்தப் பக்கமாத்தான போறேன்" என்றாள். பட்டறை அதற்கு நேர் எதிர்த் திசை.

மேடம் வந்து வாசற்படியிலேயே நின்றார். சாய்ந்த வெயில். கரும்பச்சைக்கு நடுவே ஒற்றையும் இரட்டையுமாக எட்டு வெளிர்க் கட்டங்கள். சாயமில்லை, கோடில்லை, வெறும் சாய்வு.

"நான் என்ன சொன்னேன்?"

"ஒட்டு தெரியக் கூடாதுன்னு சொன்னீங்கம்மா."

"எத்தனை தெரியுது?"

"எட்டு."

மேடம் கண்ணாடியை இறக்கினார். கட்டங்களைச் சுற்றி மெல்ல நடந்து திடலின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் திடல் வெளுப்பு, கட்டங்கள் கறுப்பு. அவர் புருவம் ஏறியதைப் பார்த்தேன். அதற்குள் சீக்கிரம் வந்துவிட்ட ஒரு வாண்டு, பையைக்கூடக் கழற்றாமல், எங்களுக்கு நடுவே புகுந்து முதல் கட்டத்தில் நின்றது. ஒற்றைக் காலில் குதித்தது. விழுந்தது. எழுந்து, மறுபடி முதலிலிருந்து குதித்தது.

"பேய்க் குழி எங்கே போச்சு?" என்று அதனிடம் மேடம் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்று குதித்துக்கொண்டே சொன்னது அது.

மேடம் மாமா பக்கம் திரும்பினார். "இதுல எது நீங்க தப்பா போட்டது?"

மாமா காட்டினார். மேடம் குனிந்து அதையும் பக்கத்துக் கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தடவிக்கூடப் பார்த்தார். நிமிர்ந்து, "மத்த ரெண்டு மாடிக்கும் நொண்டி வேண்டாம், ஒரே மாதிரி இருந்தா சலிச்சுப் போயிடும். வேற யோசிங்க" என்றார். "வர்ற வெள்ளிக்கிழமை மூணு மாடியையும் பாத்து, எங்கெங்க பிரிஞ்சிருக்குன்னு எழுதிக் கொடுங்க. இனிமே அது உங்க பொறுப்பு."

அக்கா கிட்டே வந்தாள். மாமாவின் கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். ரொம்ப நேரம் சுரண்டினாள். அவ்வளவு பசை அங்கே இல்லை.

படியிறங்கும்போது போன் அடித்தது. பழக்க தோஷத்தில் என் கை நீண்டது. மாமா தானே எடுத்தார்.

"அண்ணே, வணக்கம்ண்ணே. நானே கூப்பிடணும்னு இருந்தேன். நாற்காலியை அந்தத் தம்பிக்கே கொடுத்துடுங்கண்ணே... ஆமாண்ணே, புல்லுதான்... இல்லண்ணே, கை நல்லா இருக்கு."

சலூன் முதலாளி குரல் எப்போதும் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும். அடுத்து அவர் கேட்டது எனக்கும் கேட்டது. "அது சரி, உன் நம்பருக்குப் போட்டா ஒரு பொண்ணு மூக்கால பேசி ராங் நம்பர்ங்கறாளே, யாருப்பா அது?"

மாமா படியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தார். நான் கைப்பிடிச் சுவரில் இல்லாத ஒரு கறையைத் தீவிரமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"யாருன்னு தெரியலையேண்ணே" என்றார். "ராங் நம்பராத்தான் இருக்கும்."